மேக்னெட்டோவை மால்கம் எக்ஸ் ஆக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுபவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் தலையாட்டுவீர்கள்.

ஒரு மாதமாக நம் பழைய மாணவர்கள் குழுவிலும் குடும்பக் குழுவிலும் ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வருகிறது. 1963இல் வெளிவந்த எக்ஸ்-மென் காமிக்ஸின் முதல் இதழ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை மறைமுகமாகச் சொல்ல எழுதப்பட்டதாம். அதில் வரும் பேராசிரியர் சேவியர் மார்ட்டின் லூதர் கிங்காம். வில்லன் மேக்னெட்டோ மால்கம் எக்ஸாம். ஒருவர் அன்பு வழி, இன்னொருவர் வன்முறை வழி. கீழே இரண்டு கும்பிடு, ஒரு புறா. அனுப்பியவர்களில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் மூன்று பேர், என் தங்கை வீட்டு மாப்பிள்ளை ஒருவர். நால்வருமே கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நால்வரிடமும் தனித்தனியாகக் கேட்டேன்: "அந்த இதழைப் படித்தீர்களா?" நால்வரும் படிக்கவில்லை. சினிமா பார்த்திருக்கிறார்கள்.

நான் படித்திருக்கிறேன். இரும்புக்கை மாயாவி காலத்திலிருந்து காமிக்ஸ் படிக்கிறவன் நான். எக்ஸ்-மென் முதல் இதழைப் பல வருடங்களுக்கு முன்பு ஒரு மறுபதிப்பில் படித்தேன். இந்தச் செய்தி வந்தபிறகு பேரனின் டேப்லெட்டில் மறுபடி இரண்டு முறை, பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு படித்தேன். நான் வரலாற்றுப் பேராசிரியர் கிடையாது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து முப்பது வருடத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவன். அந்த ஒரு தகுதியில்தான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைப் படிக்க வேண்டும். இல்லாததைப் படிக்கக் கூடாது.

சரி, பக்கத்தில் என்ன இருக்கிறது?

இதழின் அட்டையில் உள்ள தேதி 1963 செப்டம்பர். விலை 12 சென்ட். கதை ஸ்டான் லீ, படம் ஜாக் கிர்பி. நியூயார்க் மாநிலம் வெஸ்ட்செஸ்டர் பகுதியில் ஒரு தனியார் பள்ளி. சாதாரணப் பள்ளி அன்று, வசதியானவர்களின் மாளிகைப் பள்ளி. இருட்டறையில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பேராசிரியர் சேவியர் வாய் திறக்காமல், மனத்தாலேயே மாணவர்களை அழைக்கிறார். நான்கு பையன்கள் ஓடி வருகிறார்கள். கண்ணிலிருந்து கதிர் பாய்ச்சும் சைக்ளாப்ஸ், முதுகில் இறக்கை உள்ள ஏஞ்சல், பெரிய கைகால்களோடு குரங்குபோலத் தாவும் பீஸ்ட், உடம்பெல்லாம் பனியாகும் ஐஸ்மேன். இவர்கள் மியூட்டன்ட்கள், அதாவது பிறவியிலேயே மாறுதலோடு பிறந்தவர்கள்.

அடுத்துப் பல பக்கங்களுக்கு வகுப்புதான் நடக்கிறது. எனக்கு இந்த இதழில் மிகப் பிடித்த பகுதி இது. பேராசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சி கொடுக்கிறார். கடைக்குட்டி ஐஸ்மேன் வகுப்பு நடக்கும்போதே தன்னைப் பனிப்பொம்மையாக மாற்றிக்கொண்டு கோமாளித்தனம் செய்கிறான். மற்றவர்கள் கடுப்பாகிறார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த எவரும் சிரிக்காமல் இந்தப் பக்கங்களைத் தாண்ட முடியாது. பிறகு ஒரு புதுமாணவி வருகிறாள், ஜீன் கிரே. பையன்கள் ஜன்னலில் முண்டியடிக்கிறார்கள். பீஸ்ட் அத்துமீறி முத்தம் கொடுக்கப் போகிறான். அவள் தன் மனச் சக்தியால் அவனை அந்தரத்தில் தூக்கிப் பாடம் புகட்டுகிறாள். பெண்பிள்ளைகளைப் பற்றி 1963ஆம் ஆண்டு ஆண்கள் எழுதியது எப்படி இருக்குமோ அப்படியும் இருக்கிறது, அவள் தன்னைத் தானே காத்துக்கொள்கிறாள் என்பதும் இருக்கிறது.

அதன் பிறகு பேராசிரியர் தன் பள்ளியின் நோக்கத்தை விளக்குகிறார். சிறு வயதில் சாதாரண மனிதர்கள் தன்னைக் கண்டு பயந்தார்கள், நம்பவில்லை. விசேஷ சக்தி உள்ளவர்களை ஏற்க உலகம் இன்னும் தயாராகவில்லை. அதனால் அவர்களுக்கு ஓர் அடைக்கலமாக இந்தப் பள்ளியை அமைத்தேன் என்கிறார். மனித குலத்தை வெறுக்கும் கெட்ட மியூட்டன்ட்களும் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து மனிதர்களைக் காப்பது நம் வேலை என்கிறார். இந்த இடத்தை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் செய்தியில் உண்மையின் சாயல் ஏதாவது இருக்கிறதென்றால் அது இந்தச் சில கட்டங்கள்தான். அதை நான் மறைக்கவில்லை.

மீதி இதழ் என்ன? கேப் சிட்டடெல் என்ற ராணுவ ஏவுகணைத் தளத்தை மேக்னெட்டோ கைப்பற்றுகிறான். காந்த சக்தியால் ஏவுகணையைத் திசை திருப்புகிறான். சரணடையுங்கள் என்று வானத்தில் எழுதிக் காட்டுகிறான். எக்ஸ்-மென் பேராசிரியரின் விமானத்தில் பறந்து போய் அவனை விரட்டுகிறார்கள். அவன் தப்பி ஓடுகிறான். ராணுவ அதிகாரி எக்ஸ்-மென்னைப் பாராட்டுகிறார். முற்றும்.

இப்போது கேள்விகளுக்கு வருவோம்.

முதல் கேள்வி: இந்த மேக்னெட்டோ யார்?

இந்த இதழில் அவனுக்குக் கடந்த காலமே கிடையாது. சொந்தப் பெயர் கிடையாது. யாரும் அவனை அடித்ததாகவோ, அவன் வீட்டை எரித்ததாகவோ, அவன் மக்களை அடிமைப்படுத்தியதாகவோ ஒரு வரி இல்லை. மியூட்டன்ட்கள் உயர்ந்த இனம், மனிதர்கள் எங்களுக்கு அடங்க வேண்டும் என்கிறான், அவ்வளவுதான். ஒடுக்கப்பட்டவனின் கோபம் இதில் எங்கே இருக்கிறது? "நாங்கள் உயர்ந்த இனம்" என்று சொன்னவர்கள் யார் என்று இருபதாம் நூற்றாண்டு வரலாறு படித்த எவருக்கும் தெரியும். லீயும் கிர்பியும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்கள். கிர்பி இரண்டாம் உலகப்போரில் பிரான்சில் சண்டையிட்டவர். அந்தக் கைகள் "உயர்ந்த இனம்" என்று பேசும் வில்லனை வரையும்போது யாரை நினைத்திருக்கும்? நிச்சயமாக மால்கம் எக்ஸை நினைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நான்காவது இதழில், 1964 மார்ச்சில், மேக்னெட்டோ ஒரு குழு சேர்க்கிறான். அதன் பெயர் என்ன தெரியுமா? "தீய மியூட்டன்ட்களின் சகோதரத்துவம்." உலகத்தில் எந்த விடுதலை இயக்கமாவது தன் பெயர்ப் பலகையிலேயே "தீய" என்று எழுதிக்கொள்ளுமா? திருடன் தன் சட்டையில் "திருடன்" என்று எழுதிக்கொண்டு வருகிற கதை இது. பிள்ளைகளுக்கான கதையில் அது தப்பில்லை. அதைக் கொண்டுவந்து ஒரு மக்கள் தலைவரின் தலையில் கட்டுவதுதான் தப்பு.

இரண்டாவது கேள்வி: அந்த 1963ஆம் ஆண்டில் நிஜமான பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

அலபாமா மாநிலம் பர்மிங்காம் நகரம். 1963 மே 2ஆம் தேதி கறுப்பினப் பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறி, பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடி, அணி அணியாக ஊர்வலம் போனார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். மறுநாள் வந்தவர்கள் மீது தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள், போலீஸ் நாய்களை ஏவினார்கள். அந்தப் புகைப்படங்கள் உலகம் முழுக்கப் போயின. அப்புறம் நடந்தது ஆசிரியனாகிய எனக்கு இன்னும் வலிக்கிறது. ஊர்வலத்தில் போனதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பள்ளியை விட்டே நீக்க அந்த ஊர் கல்வி வாரியம் உத்தரவு போட்டது. நீதிமன்றம் தலையிட்டுத்தான் அவர்கள் மறுபடி வகுப்புக்குள் வர முடிந்தது.

ஆகஸ்ட் 28ஆம் தேதி வாஷிங்டன் பேரணி. செப்டம்பர் 15ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் கூடிய அதே பதினாறாம் தெரு தேவாலயத்தில் இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு வயது 14. ஒருத்திக்கு 11.

எக்ஸ்-மென் முதல் இதழின் அட்டையில் உள்ள மாதமும் அதுவே. (அமெரிக்கக் காமிக்ஸில் அட்டைத் தேதி கடைக்கு வரும் நாளுக்குச் சில மாதங்கள் தள்ளியே இருக்கும். அது கோடையிலேயே கடைக்கு வந்துவிட்டது.) லீயும் கிர்பியும் அந்தக் குண்டை முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. நான் சொல்வது இது: நிஜப் பிள்ளைகள் போலீஸ் எதிரே நிற்க, வெறும் கையோடு தெருவில் நடந்த வருடத்தில், கதைப் பிள்ளைகள் ராணுவ ஏவுகணைத் தளத்தைக் காப்பாற்றி அதிகாரியிடம் பாராட்டு வாங்கினார்கள். கதைப் பிள்ளைகள் ஐந்து பேரும் வெள்ளையர்கள். இந்த இரண்டையும் ஒன்று என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

சேவியர்தான் கிங் என்கிறீர்கள். கிங்கின் முறை என்ன? மறைக்காமல் தெருவுக்கு வருவது. முகத்தைக் காட்டிக்கொண்டு, பெயரைச் சொல்லிக்கொண்டு, சிறைக்குப் போவது. 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையில் உட்கார்ந்து கடிதம் எழுதியவர் அவர். சேவியரின் முறை? மாளிகைக்குள் மறைந்திருப்பது, மாணவர்களுக்கு முகமூடி மாட்டுவது, ரகசியமாகச் சண்டைப் பயிற்சி கொடுப்பது. சேவியர் கதைக்கு ஏற்ற நல்ல பாத்திரம். கிங்குக்கு அவர் நிழல்கூட ஆக மாட்டார்.

மூன்றாவது கேள்வி: அவர்கள் சொல்ல நினைத்திருந்தால் நேராகவே சொல்லியிருக்க மாட்டார்களா?

சொல்லியிருப்பார்கள். சொல்லவும் செய்தார்கள், வேறு இதழ்களில். அதே 1963இல் அதே இருவர் தொடங்கிய 'சார்ஜன்ட் ஃப்யூரி' என்ற போர்க்கதையில் கேப் ஜோன்ஸ் என்ற கறுப்பின வீரர் வெள்ளையர்களோடு சரிசமமாக ஒரே படைப்பிரிவில் இருக்கிறார். நிஜப் போரில் அமெரிக்க ராணுவம் கறுப்பினத்தவரைத் தனிப் பிரிவில்தான் வைத்திருந்தது. 1966 ஜூலையில் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 52ஆம் இதழில் பிளாக் பேந்தரைக் கொண்டுவந்தார்கள். 1968இல் ஸ்டான் லீ தன் பத்தியில் இனவெறியை நேரடியாகக் கண்டித்து எழுதினார். இதெல்லாம் அவர்களுக்கு உரிய பெருமை, தாராளமாகக் கொடுங்கள். எக்ஸ்-மென் பிறந்த கதையை மட்டும் லீயே பல முறை வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு நாயகனுக்கும் ஒரு கதிர்வீச்சு விபத்தைக் கண்டுபிடித்து அலுத்துப்போய், "பிறவியிலேயே அப்படி" என்று வைத்துவிட்டால் வேலை சுலபம் என்று நினைத்தாராம். முதலில் 'மியூட்டன்ட்ஸ்' என்று பெயர் வைக்கப் பார்த்தாராம். அந்தச் சொல் பிள்ளைகளுக்குப் புரியாது என்று முதலாளி வேண்டாம் என்றாராம்.

"சார், பிற்காலப் பேட்டிகளில் லீயே உரிமைப் போராட்டத்தோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறாரே" என்று ஒருவர் கேட்பீர்கள். பேசியிருக்கிறார். பரீட்சை முடிந்து மார்க் போடும்போது நான் விடைத்தாளைத்தான் பார்ப்பேன். பையன் வெளியே வந்து "சார், நான் மனசுல இதைத்தான் நினைச்சேன்" என்றால் அதற்கு மார்க் கிடையாது.

இனி முக்கியமான விஷயம். இந்த ஒப்பீட்டால் அநியாயம் நடப்பது யாருக்கு? காமிக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. நல்ல நிலையில் உள்ள அந்த முதல் இதழ் ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது. அநியாயம் மால்கம் எக்ஸுக்கு.

மால்கம் 1925இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். மிச்சிகன் மாநிலத்தில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையராக இருந்த பள்ளியில் படித்தார். நன்றாகப் படித்தார். வகுப்புத் தலைவராகவும் இருந்தார். எட்டாம் வகுப்பில் ஓர் ஆசிரியர், பெரியவன் ஆனதும் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்கிறார். வக்கீல் ஆகலாம் என்று நினைக்கிறேன் என்கிறான் பையன். உன் நிறத்துக்கு அது நடக்கிற காரியமா, கைவேலை நன்றாக வருகிறதே, தச்சு வேலைக்குப் போயேன் என்கிறார் ஆசிரியர். அவனைவிடக் குறைந்த மார்க் வாங்கிய வெள்ளைப் பிள்ளைகளை அவர் உற்சாகப்படுத்தியதையும் பையன் கவனித்தான். தன் சுயசரிதையில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார். அன்றோடு அவர் மனம் பள்ளியை விட்டு விலகிவிட்டது.

ஆசிரியத் தோழர்களே, இந்தப் பதிவைப் படிக்கும் என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்களே, அந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரு வாத்தியாரின் ஒரு வாக்கியம்.

பிறகு தெரு, திருட்டு, 1946இல் சிறை. சிறையில் ஓர் அகராதியை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாக நோட்டில் எழுதி எழுதிப் படிக்கிறார். அப்படித் தன்னைத் தானே படிக்கவைத்துக்கொண்ட மனிதர் அவர். வெளியே வந்து பேச்சாளர் ஆனார். கடுமையாகப் பேசினார். அவருடைய 1963 காலத்துப் பேச்சுகளில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு. ஆனால் அவர் எந்த ஏவுகணைத் தளத்தையும் பிடிக்கவில்லை, எந்த ஊரையும் மிரட்டவில்லை, எந்தக் குண்டும் வைக்கவில்லை. அடித்தால் திருப்பி அடிக்கும் உரிமை எங்களுக்கும் உண்டு என்றார். குண்டு வைத்தவர்கள் யார் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

1964இல் தன் பழைய இயக்கத்தை விட்டு வெளியேறி மெக்கா போய்வந்தார். எல்லா வெள்ளையரும் ஒரே மாதிரி என்ற பழைய கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். 1965 பிப்ரவரி 4ஆம் தேதி செல்மா நகரம் போனார். கிங் அப்போது அங்கே சிறையில் இருந்தார். மால்கம் கிங்கின் மனைவியிடம், உங்கள் கணவரின் வேலையைக் கடினமாக்க நான் வரவில்லை, மாற்று வழி எப்படியிருக்கும் என்று தெரிந்தால் அவர் சொல்வதைக் கேட்க வெள்ளையர்கள் முன்வருவார்கள் என்ற பொருளில் பேசினார். பதினேழு நாள் கழித்து, பிப்ரவரி 21ஆம் தேதி, நியூயார்க்கில் கூட்ட மேடையிலேயே சுடப்பட்டு இறந்தார். வயது 39. இந்த மனிதரையா வானத்தில் மிரட்டல் எழுதும் வில்லனோடு ஒப்பிடுகிறீர்கள்? சேவியரின் மாளிகைப் பள்ளியில் 1963இல் மால்கம் மாதிரி ஒரு பையனுக்கு இடமே இருந்ததில்லை.

அப்படியானால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது?

மெல்ல மெல்ல வந்தது. 1964இல் எட்டாவது இதழில், ஒரு குழந்தையைக் காப்பாற்றிய பீஸ்டையே கூட்டம் அடிக்க வருகிறது. 1965இல் 14ஆம் இதழில் மியூட்டன்ட்களை வேட்டையாடும் சென்டினல் எந்திரங்கள் வருகின்றன. லீ, கிர்பி காலத்திலேயே விதை முளைவிட்டது உண்மை. ஆனால் விற்பனை படுத்து, 1970இல் புதுக்கதைகள் நின்றன. 1975 வரை பழைய கதைகளையே திருப்பித் திருப்பி அச்சிட்டார்கள். 1975 மே மாதம் லென் வீனும் டேவ் காக்ரமும் 'ஜயன்ட் சைஸ் எக்ஸ்-மென்' முதல் இதழில் புதுக் குழு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கென்யாவிலிருந்து ஸ்டார்ம், ரஷ்யாவிலிருந்து கொலாசஸ், ஜெர்மனியிலிருந்து நைட்கிராலர், அமெரிக்கப் பூர்வகுடியான தண்டர்பேர்ட். முதல் கறுப்பின உறுப்பினர் வரப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

அதன்பின் பொறுப்பேற்றவர் கிறிஸ் கிளேர்மான்ட். 1991 வரை பதினாறு வருடம் எழுதினார். மேக்னெட்டோவுக்கு ஒரு கடந்த காலம் கொடுத்தவர் அவர். 1981இல் 150ஆம் இதழில், கிட்டி ப்ரைட் என்ற யூதச் சிறுமியைக் கொன்றுவிட்டதாக நினைத்து மேக்னெட்டோ உடைந்துபோகிறான். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வளர்ந்தவன் என்று அப்போதுதான் தெரிகிறது. கவனியுங்கள், அவன் துயரத்தின் மூலம் ஆஷ்விட்ஸ். சேவியர், மேக்னெட்டோ கதைக்கு அடிப்படை யூதப் படுகொலைதான் என்று கிளேர்மான்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1982இல் பிரென்ட் ஆண்டர்சன் படம் வரைய அவர் எழுதிய சித்திர நாவல், பள்ளி விளையாட்டுத் திடலில் இரண்டு கறுப்பினக் குழந்தைகள் கொல்லப்படுவதில் தொடங்குகிறது. அவர்களை ஊஞ்சலிலிருந்து இறக்குபவன் மேக்னெட்டோ. இதைப் படியுங்கள், அப்போது பேசலாம் இனவெறியைப் பற்றி. 2000ஆம் ஆண்டு சினிமா, மால்கம் எக்ஸின் புகழ்பெற்ற ஒரு சொற்றொடரை மேக்னெட்டோவின் வாயில் வைத்தது. பலரும் சினிமாவைப் பார்த்துவிட்டு 1963க்குப் பின்னோக்கிப் போய் ஒட்டவைக்கிறார்கள்.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. கிளேர்மான்ட், வீன், காக்ரம் உழைத்துச் சேர்த்ததை எல்லாம் எடுத்து முதல் இதழின் கணக்கில் எழுதுகிறோம். வயல் வாங்கியவரை மட்டும் புகழ்ந்துவிட்டு, உழுதவர் பெயரை மறப்பது போல.

"காமிக்ஸில் இனவெறிக்கு எதிராக அந்தக் காலத்தில் யாருமே எழுதவில்லையா சார்?" எழுதினார்கள். இரண்டு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, 'ஜட்ஜ்மென்ட் டே'. 1953இல் இ.சி. நிறுவனம் வெளியிட்ட சிறுகதை. அல் ஃபெல்ட்ஸ்டீன் எழுத்து, ஜோ ஆர்லாண்டோ படம். பூமியிலிருந்து ஒரு விண்வெளி வீரர் எந்திர மனிதர்கள் வாழும் கிரகத்துக்குப் போகிறார். அங்கே ஆரஞ்சு நிறத்தாருக்கு ஒரு நியாயம், நீல நிறத்தாருக்கு ஒரு நியாயம். உள்ளே இருக்கும் பாகமெல்லாம் ஒன்றுதான், மேல்பூச்சு மட்டும் வேறு. இன்னும் நீங்கள் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பினத்தவர். 1956இல் மறுபதிப்புச் செய்ய முயன்றபோது காமிக்ஸ் தணிக்கை அமைப்பின் தலைவர், அந்த வீரர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். பதிப்பாளர் பில் கெயின்ஸ் பணியவில்லை, அப்படியே வெளியிட்டார். மறைமுகம், குறியீடு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு முகத்தைக் காட்டினார்கள், அதற்கே தணிக்கை நடுங்கியது.

இரண்டு, கிங்கைப் பற்றியே வந்த காமிக்ஸ். 'மார்ட்டின் லூதர் கிங் அண்ட் தி மான்ட்கோமரி ஸ்டோரி.' 1957இல் ஓர் அமைதி இயக்கம் வெளியிட்டது. 16 பக்கம், விலை 10 சென்ட். பேருந்துப் புறக்கணிப்பு எப்படி நடந்தது, அடி வாங்கும்போது எப்படி நடந்துகொள்வது என்று படம் போட்டுச் சொன்னது. நம் காந்தியும் அதில் வருகிறார். அதைப் படித்த இளைஞர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். 1963 வாஷிங்டன் பேரணியில் 23 வயதில் பேசியவர். பிறகு நாடாளுமன்ற உறுப்பினரானார். முதுமையில் தன் போராட்ட வாழ்க்கையை அவரும் ஒரு சித்திரக் கதையாகவே எழுதினார். 'மார்ச்' என்று பெயர். அதன் மூன்றாம் பாகம் 2016இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது பெற்றது.

உரிமைப் போராட்டத்துக்குள் நிஜமாகவே கையிலிருந்து கைக்குப் போன காமிக்ஸ் இது. இதை எத்தனை பேர் பகிர்ந்தீர்கள்? இதற்கு ஏன் ஒரு புறாப் படம்கூட வரவில்லை?

"வாசகன் தனக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொள்ளலாம், அதில் என்ன தவறு?" என்று என் தங்கை மாப்பிள்ளை கேட்டார். படித்த மனிதர், நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன் மாப்பிள்ளை. எக்ஸ்-மென்னைப் படித்து, ஒதுக்கப்பட்ட ஒரு பிள்ளை "இது என் கதை" என்று உணர்ந்தால் அதைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. உடம்பில் குறையோடு, நிறத்தால், சாதியால், நடையால் கேலிக்கு ஆளான எத்தனையோ பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஐஸ்மேனும் ஜீனும் துணையாக இருந்தால் நல்லது. அது வாசகனின் உணர்வு. "1963இல் இதற்காகத்தான் எழுதினார்கள், இவன்தான் அவர்" என்று சொல்வது உணர்வு அல்ல, தகவல். தகவல் என்றால் சரியா தப்பா என்று பார்த்தே ஆக வேண்டும். தப்பான தகவலில் ஒரு நல்ல மனிதர் வில்லனாகிறார் என்றால் சும்மா இருக்க முடியாது. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தன் மீது அபாண்டம் சொன்னால் நான் எழுந்து கேட்பேனா மாட்டேனா? அகராதியை எழுதிப் படித்த மால்கமும் எனக்கு ஒரு மாணவன் மாதிரிதான். எட்டாம் வகுப்பில் ஒரு வாத்தியார் அவருக்குச் செய்தது போதும். நாமும் சேர்ந்து செய்ய வேண்டாம்.

முதல் இதழை வெறுக்கச் சொல்லவில்லை. ஆசையாகப் படியுங்கள். கிர்பியின் கோடுகளைப் பாருங்கள், ஒவ்வொரு உடம்பும் எப்படி வேறுவேறாக அசைகிறது என்று பாருங்கள். பனிப்பொம்மையைப் பார்த்துச் சிரியுங்கள். அது ஐந்து பிள்ளைகளும் ஒரு வாத்தியாரும் இருக்கிற ஒரு விறுவிறுப்பான பள்ளிக்கூடக் கதை. அதன் அளவுக்கு அதற்கு மரியாதை கொடுத்தாலே போதும்.

வீட்டுப்பாடம் இரண்டு. ஒன்று, அந்தப் படச் செய்தியை அனுப்பிய குழுவிலேயே இந்தப் பதிவையும் போட்டுவிடுங்கள். இரண்டு, பிள்ளைகளுக்கு எக்ஸ்-மென் படம் காட்டும்போது பர்மிங்காம் பிள்ளைகளின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். முகமூடி இல்லாமல், இறக்கை இல்லாமல் அவர்கள் நடந்தார்கள் என்று சொல்லுங்கள்.

மறுப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள். இதழைப் படித்துவிட்டு, எந்தப் பக்கம் என்று குறிப்பிட்டு எழுதினால் மட்டுமே பதில் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்